சான் ஹோசேக்கு நீ சொன்ன வழி

இன்று காலை ரந்தாவ் பாசாரில் ரம்புத்தான் வந்திருந்தது. கிளையோடு ஒடித்து, கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "எத்தன கிலோ வேணும் கா?" என்று பழக்காரப் பெண் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். "மமோன் சீனோ" என்று வந்தது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து, மோட்டார் சைக்கிளின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அழுதால் யாருக்கும் தெரியாது என்பதை இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெயரை எனக்குச் சொன்னவள் நீ. உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, கைப்பேசியில், சிரித்துக்கொண்டே. "செல்வி, இங்க ரம்புத்தானுக்கு என்ன பேரு தெரியுமா? மமோன் சீனோ. சீனப் பழமாம். நம்ம லயத்துக்குப் பின்னால நின்ன மரம், இங்க வந்து சீனாவுக்குச் சொந்தமாயிடுச்சி லா." ஏழு மாதம் பேசாமல் இருந்த பிறகு நீ அனுப்பிய முதல் குரல் பதிவு அது. அந்த ஏழு மாதத்துக்குக் காரணம் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராக அங்கே போக மனம் வரவில்லை.

நாம் பிறந்த தோட்டம் ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் இடையில் இருந்தது. அப்போது அங்கே பால்மரம், அதுதான் ரப்பர்; குடியிருக்க வரிசை வீடுகளாக லயம். உன் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தடுத்த நிரையில் மரம் சீவினார்கள். நாம் இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளிக்கு நடந்தோம். பிறகு மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். நான் செனவாங் தொழிற்சாலைக்குப் போனேன். நீ செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாய். ஒருநாள் என்னை உள்ளே அழைத்துப் போய், கண்ணாடிக் குடுவையில் எண்ணெய்க்குப் பக்குவம் பார்ப்பதைக் காட்டினாய். வெள்ளை அங்கி உனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. "கலர் மாறுற எடத்துல நிறுத்தணும். ஒரு சொட்டு கூடிச்சின்னா போச்சி, மறுபடி மொதல்லேருந்து" என்றாய். மூச்சை அடக்கிக்கொண்டு நீ குழாயைத் திருகியதைப் பார்த்து நானும் மூச்சை அடக்கினேன்.

உன் அண்ணன் பார்த்து முடித்த கல்யாணம் பதினொரு மாதம்தான் நின்றது. ஒரே ஒரு பையோடு நீ பஹாவில் இருந்த புருஷன் வீட்டை விட்டுத் திரும்பி வந்த அன்று அவர் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "வந்த வழியிலயே போ" என்றார். நீ போகவில்லை. என் வீட்டுக்கு வந்தாய். மூன்று வாரம் என் மகளோடு ஒரே பாயில் படுத்தாய். உன் கையில் இருந்த காயங்களை நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் இல்லை. அதற்கு மறுவருடம், கோஸ்தா ரிக்கா என்று ஒரு நாட்டில் செம்பனை விதை ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்து நின்றாய். உலக வரைபடத்தில் அதைத் தேட நமக்கு நெடுநேரம் ஆனது. வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு கொடி போல ஓடுகிற நிலத்தில், என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும் அளவுக்கு ஓர் இடம்.

முதலில் தெற்கே செம்பனைக் காட்டில் நாலு வருடம். பிறகு தலைநகரான சான் ஹோசேக்கு மாற்றினார்கள். அதன் பிறகு அது உன் ஊராகிவிட்டது. உன் அம்மா மட்டும் இங்கே, கோலா சாவாவில், உன் அண்ணன் வீட்டில் இருந்தார். நான் வாரம் ஒருமுறை போய் உன் குரலை அவருக்குப் போட்டுக் காட்டுவேன். காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா" என்று பதிவுக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். உன் அண்ணன் என் கேட்டுக்கு வெளியே நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. "அம்மா போயிட்டாங்க செல்வி" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே வரவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டே, "அவகிட்ட சொல்லாத. எல்லாம் முடியட்டும்" என்றார்.

"அண்ணே, பெத்த தாய். எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

"அவ வந்து நின்னா எல்லாரும் அவளத்தான் பாப்பாங்க. அம்மாவ யாரும் பாக்க மாட்டாங்க. மூணு நாளு. அதுக்கு மேல கேக்கல."

அழுதுகொண்டு நிற்கிற மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டினேன். அந்த மூன்று நாளில் நீ இரண்டு முறை பேசி அனுப்பினாய். ஒன்று மழையைப் பற்றி. இன்னொன்றில், "அம்மா ரெண்டு நாளா கனவுல வர்றாங்க லா, போய்ப் பாத்தியா?" என்று கேட்டிருந்தாய். நான் பதிவைக் கேட்டேன். பதில் போடவில்லை. நாலாம் நாள் அழைத்துச் சொன்னேன். "எப்ப?" என்றாய். "திங்கக்கிழம." "இன்னிக்கு வியாழன்" என்றாய். அவ்வளவுதான். நீ திட்டவில்லை, அழவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டாய்.

ஏழு மாதம். அப்புறம் ரம்புத்தான்.

அந்த நாளைப் பற்றி அதன் பிறகு நீ ஒரு சொல்கூடப் பேசியதில்லை. நானும் கேட்கப் பயந்தேன். நீ மன்னித்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பதிலாக நீ வேறு ஒன்றைத் தொடங்கினாய். "செல்வி, நீ இங்க வரணும்" என்றாய். அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் பதிவுகள் வந்தன. ஒவ்வொன்றும் "நீ வர்றப்ப" என்றுதான் தொடங்கும். மொத்தம் பதினேழு. ஒரு தலைநகரத்தையே நீ என் காதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினாய்.

"நீ வர்றப்ப, ஏர்போர்ட்டு ஊருக்குள்ள இல்ல, வெளிய இருக்கு. வாசலுக்கு வந்த ஒடனே பத்துப் பேரு டாக்சி டாக்சின்னு வருவான். ஒருத்தனையும் பாக்காத. ஆரஞ்சுக் கலரு டாக்சி நிக்கும், அதுல ஏறு. செவப்பா ஓடுறது ஊருக்குள்ள உள்ளது."

"நீ வர்றப்ப சுவெட்டர் எடுத்துக்க. இது மலைக்கு நடுவுல உள்ள ஊரு. கேமரன் மலைக்குக் கொஞ்சம் கீழன்னு வச்சிக்க. மத்தியானமாச்சின்னா மழ வந்துரும். எதுவா இருந்தாலும் காலையிலயே சுத்திட்டு வந்துரணும். எல்லாம் தகரக் கூர. மழ பேஞ்சா நம்ம லயத்துல இருக்கிற மாதிரியே சத்தம். மொத வருசம் அந்தச் சத்தத்துக்குத்தான் தூங்குவேன்."

"நீ வர்றப்ப, சோடான்னு போர்டு போட்டிருக்கும். போய் சோடா கேட்டுறாத. அது சோத்துக்கட. காலங்காத்தாலயே சோறும் கறுப்புப் பயறும் பெரட்டித் தருவான். சாப்பிட்டுப் பாரு, ரெண்டாம் நாளு நீயே தேடுவ."

வழி சொன்ன பதிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "வீட்டு அட்ரெஸ் எழுதிக்க. நம்பரு கெடையாது. ரோட்டுக்குப் பேரு இருக்கு, யாருக்கும் தெரியாது. சர்ச்சுலேருந்து இருநூறு மீட்டர் கிழக்க, அம்பது மீட்டர் தெக்க, பச்சக் கேட்டு. மீட்டர்னா அளக்காத, நூறுன்னா ஒரு தெருவத் தாண்டுறதுன்னு அர்த்தம். இன்னும் கொடுமையக் கேளு, எப்பவோ இடிச்ச பேக்கரிய வச்சி வழி சொல்லுவாங்க. பேக்கரி எங்கன்னு கேட்டா, அதான் இல்லியேம்பாங்க." கிழக்கு எதுவென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு அனுப்பினேன். "சுத்தி மலைதான லா. வடக்க நிக்கிறது எரிமலை. அதப் பாத்து நின்னா சோத்துக்கைப் பக்கம் கிழக்கு."

நான் ஒவ்வொரு முறையும் வருகிறேன் என்றேன். மகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்றேன். என் வீட்டுக்காரருக்கு இருதய அறுவை சிகிச்சை முடியட்டும் என்றேன். தீபாவளி கழியட்டும் என்றேன். உண்மையைச் சொன்னால், மூன்று விமானம் மாறி அவ்வளவு தூரம் போகப் பயம். அதைவிட, உன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கப் பயம். கடைசி மாதத்தில் மூன்று முறை கேட்டாய், "எப்ப வர்ற?" என்று. கடைசி முறை குரல் மெலிந்திருந்தது. "சளியா?" என்றேன். "ஆமா லா, மழையில நனஞ்சிட்டேன்." மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்துக் குடி என்று உனக்கு நான் பக்குவம் சொன்னேன். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய். எவ்வளவு இஞ்சி என்றுகூடக் கேட்டாய்.

வயிற்றில் புற்று என்று உனக்குத் தெரிந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

உன் பக்கத்து வீட்டு லூசியாதான் எனக்கு எழுதினாள். உன் எண்ணிலிருந்து இல்லை, வேறு எண்ணிலிருந்து. நீ சனிக்கிழமை போயிருந்தாய். செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை. நான் விரல் விட்டு எண்ணினேன். மூன்று நாள்.

அந்த எண்ணிக்கையோடு நான் ஐந்து மாதம் வாழ்ந்தேன். நீ வேண்டுமென்றேதான் செய்தாய் என்று ஒருநாள் தோன்றும். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று மறுநாள் தோன்றும். ஒருநாள் காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது இவர் அடுப்பை அணைத்தார். "கல்லு காயுது, நீ பாட்டுக்கு நிக்கிற. போய்ட்டு வா செல்வி. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

நான் உன் ஊரில் போய் இறங்கினேன்.

ஆரஞ்சு டாக்சி நின்றது. நீ சொன்ன முகவரியைத் தாளில் எழுதி நீட்டினேன். ஓட்டுநர் படித்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் வண்டியை எடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. மலை இருக்கும் திசையெல்லாம் வெள்ளையாக இருந்தது. எரிமலையும் இல்லை, கிழக்கும் இல்லை. துருப்பிடித்த தகரக் கூரைகள், ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பெண்கள். சர்ச் வந்தது. இரண்டு தெரு தாண்டினோம். திரும்பினோம். பச்சைக் கேட்டு. நீ சொன்ன ஊர் நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு மட்டும் நீ வரவில்லை.

வந்தவர் மெர்செதெஸ் அம்மா, லூசியாவின் தாய், எழுபதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும் "செல்வி" என்றார். நம் ஊர்க்காரர்கள்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்ல மாட்டார்கள். நீ எத்தனை முறை என் பேரைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு அப்படி வந்திருக்கும். கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

உன் வீட்டை அவர்கள் மாற்றாமல் வைத்திருந்தார்கள். அலமாரியில் முருகன் படம், பக்கத்திலேயே மாதா படம். அடுப்பருகே மரச் சட்டத்தில் துணிப்பை தொங்கியது. நம் காப்பிக்கடைகளில் காப்பி வடிக்கிற அதே பை. நீ போன பிறகு ஒன்பது நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்த முருகன் படத்துக்கு முன்னாலேயே ஜெபமாலை சொன்னார்களாம். "அவருக்குக் கோபம் வராதில்லையா?" என்று மெர்செதெஸ் அம்மா முருகனைக் காட்டிக் கேட்டார். லூசியா இங்கிலீஷில் சொன்னாள். எனக்குத் தெரிந்த தொழிற்சாலை இங்கிலீஷில், வராது என்றேன்.

இரண்டாம் நாள்தான் கேட்டேன். "ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை?"

லூசியா அம்மாவைப் பார்த்தாள். அவர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று பேசியிருக்க வேண்டும். பிறகு லூசியா சொன்னாள். "நாங்கள் முதலிலேயே கேட்டோம், உங்களுக்குச் சொல்லவா என்று. வேண்டாம் என்றார்கள். கோபமாக இருந்தார்கள். 'பிந்திக் கேட்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும்' என்றார்கள்."

அது எனக்கு உரியதுதான். ஆனால் மெர்செதெஸ் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வேகமாக என்னென்னவோ சொன்னார். லூசியா மாற்றிச் சொன்னாள்: "மீதியைச் சொல்லச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை அவர்கள் உங்களைக் கூப்பிடச் சொன்னார்கள். 'செல்வியைக் கூப்பிடு, அவள் கிளம்பிவிட்டாளா என்று கேள்' என்றார்கள். வலிக்குக் கொடுத்த மருந்தில் பாதி மயக்கம். கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் எண்ணை அவர்களால் சொல்ல முடியவில்லை. நாங்கள் தெரிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தோம். உங்கள் எண் அவர்களுடைய பழைய நோட்டில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும்போது திங்கட்கிழமை ஆகிவிட்டது, உங்கள் ஊரில் அப்போது செவ்வாய்."

அந்த மூன்று நாளுக்குக் காரணம் உன் கோபம் இல்லை. ஒரு பூட்டு. ஐந்து மாதமாக நான் வெறுத்த அந்த எண்ணிக்கைக்குப் பின்னால், அந்நிய ஊரில் இரண்டு பெண்கள் உன் கைப்பேசியை வைத்துக்கொண்டு திண்டாடியிருக்கிறார்கள். நீ என்னைக் கேட்டிருக்கிறாய். அதைத் தெரிந்துகொண்ட பிறகு துக்கம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. நீ கோபத்தோடே போயிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து உன் பதிவுகளைக் காதில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினேன். வானம் வெளுத்திருந்தது. எரிமலையைப் பார்த்து நின்று, சோத்துக்கைப் பக்கம் கிழக்கு என்று கண்டுபிடித்தேன். வண்டி போகாத கடைவீதியில் நடந்தேன். பழைய நாடகக் கொட்டகையின் முன்னால் புறாக்கள் கூட்டமாக எழும்பி அமர்ந்தன. நீ சொன்னபடியே ஒரு கிழவர் சோளம் இறைத்துக்கொண்டிருந்தார். மையச் சந்தைக்குள் நுழைந்தேன். ஒடுக்கமான சந்துகள், வறுத்த காப்பி, காய்ந்த மூலிகை, தோல் செருப்பு, பச்சை இறைச்சி, எல்லாம் ஒரே மூச்சில். ஒரு பாத்திரத்தில் செம்பனைப் பழம் வெந்துகொண்டிருந்தது. திடுக்கிட்டு நின்றேன். அதே நிறம், அதே வடிவம். காதில் நீ சிரித்தாய்: "பயந்துட்டியா? செம்பன இல்ல லா. இது வேற பன. உரிச்சி சாப்பிடு, கெழங்கு மாதிரி இருக்கும்."

உன் பதிவுகளில் நான் முன்பு கவனிக்காத ஒன்று அங்கே நடக்கும்போதுதான் தெரிந்தது. நீ எனக்கு வழி சொல்லவில்லை. என்னோடு நடந்துகொண்டிருந்தாய். "இந்த எடத்துல வண்டிக்காரன் நிறுத்த மாட்டான், என் கையப் புடிச்சிக்க." "காப்பி உனக்குக் கசக்கும், நான் வெல்லத் தண்ணி சொல்றேன் உனக்கு. சுடச்சுடத் தருவான்." அந்தக் கடையில் உட்கார்ந்தேன். வெல்லத் தண்ணீர் என்று கேட்க உன் பதிவையே கடைக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். தமிழுக்கு நடுவில் நீ சொன்ன "அகுவா துல்சே" மட்டும் அவருக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை வைத்த இடத்துக்கு லூசியா கூட்டிப் போனாள். மெர்செதெஸ் அம்மா தன் குடும்பக் கல்லறையில் உனக்கு இடம் கொடுத்திருந்தார். வெள்ளை ஓடு பதித்த மேடை. அவருடைய கணவருக்கும் மாமியாருக்கும் கீழே உன் பேர், ஒரு எழுத்து கூடுதலாக. "தப்பாக இருந்தால் மாற்றிவிடலாம்" என்றாள் லூசியா. இருக்கட்டும் என்றேன். அந்த ஊரில் அவர்கள் உன்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உன் அம்மாவின் சாம்பலைக் கரைத்த போர்ட்டிக்சன் கடலோரத்திலிருந்து ஒரு பிடி மணல் எடுத்துப் போயிருந்தேன். உன் காலடியில் தூவினேன். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். அங்கே நின்றபோது தமிழே வரவில்லை.

திரும்புவதற்கு முதல்நாள் லூசியா கைப்பேசியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் "ஹிந்து" என்று ஒரு சொல் கேட்டது. என்னவென்று கேட்டேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "கோபப்படாதீர்கள். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். 'இந்து அம்மா இருந்த வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர்.'" நீ சொன்ன இடித்த பேக்கரி நினைவுக்கு வந்தது. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இவ்வளவும் உனக்குத் தெரியாமல் இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதது ஒன்று உண்டு. போன வாரம் உன் அண்ணன் என்னைத் தேடி வந்தார். கையில் கோல். அவருடைய மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். நான் அங்கே போய்வந்ததை அவர் இத்தனை நாள் கேட்டதேயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இவருடைய உடம்பை விசாரித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ இருந்த ஊரு எப்படிப்பட்ட ஊரு செல்வி?"

நான் சொல்லத் தொடங்கினேன். விமான நிலையம் ஊருக்கு வெளியே என்றேன். நாலு பக்கமும் மலை என்றேன். மத்தியானம் மழை வரும், தகரக் கூரையில் லயத்துச் சத்தம் கேட்கும் என்றேன். பக்கத்து வீட்டு அம்மாவையும் சொன்னேன், கல்லறையையும் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு அவர், "குளிருமா?" என்று கேட்டார்.

"சுவெட்டர் போட்டுக்கணும்ணே."

"அவளுக்குச் சின்னதுலேருந்தே குளுரு ஆகாது" என்றார். பிறகு கோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்றார்.

நீ சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அண்ணன் என்ற சொல் உன் வாயிலிருந்து வந்ததில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அன்று கேட்டருகே நின்ற அதே கண்கள்.

"கேட்டா அண்ணே" என்றேன். "அண்ணன் நல்லா இருக்காரான்னு கேப்பா."

அவர் மெல்ல, பலமுறை தலையாட்டினார். பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த முதுகு குலுங்குவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

உன் வாயில் இல்லாத சொல்லை உன் வாயில் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் நான் எடுத்த இரண்டாவது முடிவு இது. சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். சோறு வடிக்கும்போதும், பேத்திக்குத் தலை பின்னும்போதும் அது என்னோடு இருக்கிறது. இதற்கு நீ என் மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள். ஏழு மாதமில்லை, ஏழு வருடம் பேசாமல் இரு. பேசாமல் இருக்கவாவது நீ இருந்திருக்கலாம்.